நாலு ஐம்பத்திரண்டு

செவலையைப் புலி அடித்தது என்றேன்.
வனக்காவலர் சஜீவன் தலை நிமிராமல்
புலி என்றே எழுதிக்கொண்டார்.

அவர் பாஷையில் புலி என்றால் சிறுத்தை.
வரிக்காரனுக்குப் பெயர் கடுவா.
நாலு தலைமுறையாய் வண்டிப்பெரியாற்றில் கொழுந்து கிள்ளும் எனக்கு
இது தெரியாதா?
தெரியும்.
அன்று காலை வாயில் வந்தது
அம்மா பேச்சு.

அன்றிரவே ஞானதுரை வந்தான்,
வாழைக்குருத்துக்குப் போடும் மருந்தைத் தினத்தாளில் மடித்து.
வயிற்றுப் பக்கம் தூவினால் போதும் அக்கா,
மிச்சம் தின்ன வரும், அதோடு சரி.

அந்த வயிற்றில் முழங்கை வரை கைவிட்டு
இரண்டு தடவை கன்றைத் திருப்பியிருக்கிறேன்.
பொட்டலத்தை அவன் சட்டைப் பையிலேயே திணித்தேன்.

புலிமேல் இரக்கமோ என்றான்.
இல்லை.
அது இந்தப் பக்கம் வந்த பிறகு
பன்றி கிண்டாமல் இரண்டு வருஷம்
மரவள்ளி முழுசாய் வீடு வந்தது.
அதை அவனிடம் சொல்லவில்லை.

ஒன்றரை மாதம் கழித்துக் காகிதம் திரும்பியது:
மனுவில் புலி, தடமோ கடுவா.
சந்தேகம் தீர, ஏழாம் நம்பர் லயத்துக்கு மேலே
சில்வர் ஓக் மரத்தில் கேமரா கட்டினார்கள்.

ஸ்டேஷனில் கூப்பிட்டுப் படம் காட்டினார் சஜீவன்.
நாலு ஐம்பத்திரண்டு: நான்.
தலையில் சாக்கு, கக்கத்தில் டார்ச்,
கையில் செவலையின் மூத்த மகள் கறந்த பால்.
ஐந்து பத்து: அது.
அதே வளைவு. என் செருப்பு பதிந்த சேற்றில்
அதன் முன்னங்கால்.

பதினோரு நாளில் ஏழு நாள் அப்படி.
எப்போதும் நான் முதலில்.
சேச்சி போகட்டும் என்று நிற்குது போல, என்றார்
அவருக்குத் தெரிந்த தமிழில்.

அங்கே பயம் வரவில்லை.
வீட்டுக்கு வந்து குண்டான் கழுவும்போது
கை நடுங்கிக் கரி முழுக்கச் சேலையில்.

பணம் வந்தது. கறுப்பு ஒன்று வாங்கினேன்,
உதைக்கிற சாதி.
இப்போது தேயிலைக்குள் கட்டுவதில்லை.

சொசைட்டி வண்டி ஐந்தேகாலுக்குத்தான் வரும்,
யாருக்காகவும் நிற்காது.
நானும் நேரத்தை மாற்றவில்லை.
வளைவுக்கு முன் ஒரு தட்டு,
தாண்டியபின் ஒரு தட்டு,
கேன் மூடியில்.
முதல் தட்டு பயத்தில்.
இரண்டாவது,
நான் போயாச்சு என்று.