பதினான்கு நாள்

ஞாயிறு இரவு எட்டு நாற்பத்தியேழுக்கு ஏலம் முடிந்தது.
கடைசி ஒன்பது விநாடியில்
என் கட்டைவிரல்
அறுபத்தியொரு யூரோ ஐம்பது சதத்தை அழுத்திற்று.
மேலே கேட்க ஆளில்லை.
மாக்குழைக்கும் மெஷின், முப்பத்திநாலு கிலோ,
இடது காலருகே ஒரு கீறல்,
பின்னால் பச்சைக் கோடு போட்ட திரைச்சீலை.

வரும் சனிக்கிழமை சாமத்திய வீட்டுக்கு
நானூறு ரோல்ஸ்.
மணிக்கட்டுக்கு இனி ஓய்வு என்று
சுகந்திக்கு அப்போதே போன் எடுத்துச் சொன்னேன்.

திங்கள் காலை சோஸ்ட் நகரிலிருந்து எழுதுகிறார்
விற்றவர், ஹெர் ப்றொக்மன்:
மன்னிக்கவும். துடைக்கும்போது விழுந்து உடைந்துவிட்டது.
காசு திரும்ப வரும்.
கீழே ஒரு மஞ்சள் முகம், வருத்தத்தோடு.

முப்பத்திநாலு கிலோ இரும்பு விழுந்தால்
உடைவது நிலம் அல்லவா ஐயா?
இதை நான் எழுதவில்லை.
எழுதியது:
பரவாயில்லை, உடைந்ததையே தாருங்கள்.
வாங்கியது வாங்கியதுதான்.
நானே வந்து எடுக்கிறேன்.

பழைய இரும்புக்குக் கொடுத்தாயிற்று என்றார்.
அடுத்த நாள்,
மைத்துனர் கொண்டுபோய்விட்டார் என்றார்.
ஒரே மெஷின், இரண்டு வாசலால் போயிருக்கிறது.

வியாழன் இரவு சுகந்தி ஒரு படம் அனுப்பினாள்.
அதே மெஷின். விலை முந்நூற்றி எண்பது.
கீறலை மறைத்து ஒரு பூச்சாடி.
திரைச்சீலையைக் கழற்ற மறந்துவிட்டார்.

விடு என்றார் இவர், சோபாவில் படுத்தபடி,
அறுபது யூரோவுக்கு வெள்ளைக்காரனோடு வழக்கா?
விடலாம்.
ஹம் நகரத்தில் இருபத்தியேழு வருடம்
வேறென்ன செய்தேன்.

அந்தச் சனிக்கிழமை நானூறையும் கையாலேயே குழைத்தேன்.
ஒவ்வொரு உருண்டைக்கும்
ப்றொக்மன் என்று பெயர்.

பிறகு கை கழுவி, கண்ணாடி போட்டு,
அலுமாரியிலிருந்து சாம்பல் நிறக் கோப்பை இறக்கினேன்.
எனக்கு வந்தவை எல்லாம் அதில் திகதி வாரியாக:
பதினான்கு நாளுக்குள் வதிவிடம் பதியவும்.
பதினான்கு நாளுக்குள் வருமானச் சான்று தரவும்.
தவறினால்.
அந்தத் 'தவறினால்' வந்த இரவுகளில்
சோறு குழைந்ததும் தெரியாமல்
அடுப்படியில் நின்றிருக்கிறேன்.

வெளிநாட்டார் அலுவலகத்திலிருந்து ஒரு வசனம் எடுத்தேன்,
மின்சாரக் கம்பனியிலிருந்து ஒன்று,
காப்புறுதிக்காரரிடமிருந்து அந்த அருமையான முடிவு.
பிழையில்லாத டொச். எனக்கே பயமாக இருந்தது.

மதிப்பிற்குரிய ஹெர் ப்றொக்மன்,
ஏலம் முடிந்த நொடியில் நமக்குள் ஒப்பந்தம் உண்டாயிற்று.
பதினான்கு நாளுக்குள் பொருளைத் தரவும்.
தவறினால், அதே மெஷினை வேறிடம் வாங்கி
மேலதிக விலையை உங்களிடம் அறவிடுவேன்.
படங்கள் இணைப்பில்.
திரைச்சீலையைக் கவனிக்கவும்.

கீழே, எந்தப் படிவத்தின் கட்டத்துக்குள்ளும் அடங்காத
மங்களேஸ்வரி தவராசலிங்கம்,
ஓர் எழுத்தும் குறைக்காமல்.
பதிவுத் தபால்.
இந்த நாட்டில் ஒருவருக்கு நான் தவணை வைத்தது
அதுதான் முதல்.
அன்றிரவு தூக்கம் வரவில்லை, அவருக்கும் வந்திராது
என்று நினைத்தபோது
கொஞ்சம் பாவமாகவும் இருந்தது,
கொஞ்சம்தான்.

பன்னிரண்டாம் நாள் ஒரு வரி வந்தது.
சனி, பத்து மணி, இரண்டாம் மாடி.

பச்சைக் கோடு போட்ட திரைச்சீலை
நேரில் இன்னும் வெளிறியிருந்தது.
என் முகத்தைப் பாராமல் காசை எண்ணினார்,
ஐம்பது சதம் வரைக்கும்.
பிறகு, நான் கேட்காமலே,
மெஷினை அணைத்துத் தூக்கிப் படியிறங்கினார்.
அறுபது வயதிருக்கும். காது சிவந்து மூச்சு வாங்கியது.
கடைசித் திருப்பத்தில் ஒரு பக்கத்தை நானும் பிடித்தேன்.
"கவனம்" என்றார், "விழுந்துவிடும்."
"தெரியும்" என்றேன்,
"ஒருமுறை விழுந்ததுதானே."

அவர் சிரித்தாரா தெரியாது. நடுவில் மெஷின்.

திரும்பும் ரயிலில் அதைத் தள்ளுவண்டியோடு
முழங்காலுக்கிடையில் இறுக்கிக்கொண்டேன்.
ஒவ்வொரு நிறுத்தத்திலும்
வெறும் கிண்ணம் அரைச்சுற்றுச் சுற்றி நின்றது,
இன்னும் மா போடவில்லையே என்று
கேட்பது மாதிரி.