முன்சில்லு

நளீம்,
வியாழன் இரவு நீ சாவியைத் தரும்போது
வண்டிக்குள் நெல்லுமி மணம்.
வெள்ளி உனக்குத் தொழுகை,
எனக்குச் சல்லிக் கடற்கரை.
அரைவாசி அரைவாசி காசு போட்டு வாங்கிய ஹைலக்ஸ்
நாலு நாள் கிண்ணியாவில் தார் பார்க்கும்,
மூன்று நாள் என்னோடு மணலில் முழங்காற்படும்.

போன வெள்ளி
செல்வமதியின் போட்டைக் கரையேற்ற
பின்பக்கமாய் அலைக்குள் இறக்கினேன்.
வாடை பெயர்ந்த முதற்கிழமை.
சோளகம் முழுக்க மணல் இறுகியே கிடந்ததால்
பின்சில்லு இரண்டும் போதுமாய் இருந்தன.
அன்று போதவில்லை.
இறங்கி இடப்பக்க ஹப்பைத் திருப்பினேன்:
டக்.
வலப்பக்கத்தைத் திருப்பினேன்.
திருப்பினேன்.
சீலைத்துண்டு சுற்றித் திருப்பினேன்,
குறட்டால் திருப்பினேன்
(மூடியில் பல்லுப் பதிந்த காயம் உண்டு,
கண்டால் கேட்காதே),
ஃப்ரீயிலேயே நின்றது.

ஒரு பக்கம் பூட்டி மறுபக்கம் பூட்டாவிட்டால்
நாலு சில்லும் இரண்டுதான்.
பூட்டாத பக்கத்து அச்சு உள்ளுக்குள் சும்மா சுற்ற,
பூட்டிய சில்லு அதைப் பார்த்துக்கொண்டு நிற்கும்.

பதினொரு பேர் தோள் கொடுத்துப்
போட்டையும் இழுத்தார்கள்,
பிறகு வண்டியையும் இழுத்தார்கள்.
"இதுக்கேன் பிள்ளை உனக்கு வாகனம்?" என்றார் சம்மாட்டி.
அந்தக் கேள்வியை அப்படியே உனக்கு அனுப்பத்தான்
இதை எழுதத் தொடங்கினேன்.
நாலு நாள் உன்னிடம் நிற்கிறதே,
ஒருக்காலாவது அதைத் திருப்பிப் பார்த்தாயா என்று.
இன்னும் இருந்தது. பாதித் தாள் வசவு.

சனி காலை கழற்றினேன்.
ஆறு அலன் ஆணி, ஒன்று தலை தேய்ந்தது.
மூடி வந்தது. கையில் வழிந்தது
கிறீஸ் அல்ல, பால்தேத்தண்ணி,
ஆடை படிந்து ஆறிப்போனது.
அதன் கீழே கறள்,
சட்டியில் அடிப்பிடித்த மிளகாய்த்தூள் நிறத்தில்,
பல்லுப் பல்லாய்.
ஸ்பிரிங் ஒன்று நகம் பட முறிந்தது.

கடல் எந்த வழியால் போனதென்று
ஓறிங்கை வெயிலில் பிடித்துப் பார்த்தேன்.
பெரிதாய் வெடிப்பில்லை.
பிறகு, சிரிக்காதே,
அந்தப் பால்தண்ணியை நாக்கு நுனியில் வைத்தேன்.
உப்பில்லை.

கிணற்றுத் தண்ணி, நளீம்.
என் கிணறு.

ஒவ்வொரு வெள்ளியும் கரையால் வந்த கையோடு
உப்புப் போகட்டும் என்று
குழாயை நேரே சில்லுக்குப் பிடித்தவள் நான்.
ஓடிச் சூடேறிய ஹப்புக்குள் காற்று விரிந்திருக்கும்.
குளிர்தண்ணி பட்டதும் சட்டென்று சுருங்கி
மூச்சை இழுக்கும்,
கிடைத்ததை இழுக்கும்.
எவ்வளவு அக்கறையாய்க் கழுவினேனோ
அவ்வளவு குடித்திருக்கிறது.
உப்புவெளியில் இருந்துகொண்டு
எல்லாக் குற்றத்தையும் உப்பின் தலையில் போடுவது
எவ்வளவு சுகம்.

இப்போது மண்ணெண்ணெயில் ஊறிக் காய்ந்து
இரண்டு பக்கமும் விரலுக்குத் திரும்புகின்றன.
கிறீஸை அப்பவில்லை. அப்பினால் அதிலேயே விறைத்துப்போகும்.
பாணுக்கு மாஜரின் தடவுவதுபோல்,
மாஜரின் விலை தெரிந்தவள் தடவுவதுபோல்.
வலப்பக்க காஸ்கட் பால்மாப்பெட்டி மட்டையில் வெட்டியது.
ஸ்பிரிங் உன் கராஜ்காரனிடம் கடன் சொல்லி வாங்கியது.
அசல் காஸ்கட் கிடைத்தால் இரண்டாய் எடு,
பாதிக்காசு என்னுடையது.

இனிச் சில்லு ஆறும்வரை
நான் குழாயைத் தொடமாட்டேன்.
நீயும் ஒன்று செய்:
ஞாயிறு இரவு போகையில்
பாலத்துக்கு இந்தப் பக்கம் நிறுத்தி இறங்கு.
இரண்டு ஹப்பையும் பூட்டு.
கியரை நாலுக்குப் போடாதே,
பூட்டியபடி உன் வீடுவரைக்கும் ஓடு.
முன்னச்சு சுற்றினால்தான்
அடியில் கிடக்கும் எண்ணெய் எழும்பும்.
காலையில் திரும்ப ஃப்ரீ.
பாலத்தடியில் தூண்டில் போடுகிறவர்கள் பார்த்தால்
பார்க்கட்டும்.

வசவுகளை வெட்டிவிட்டேன்.
ஒன்று மட்டும் மிச்சம் வைத்திருக்கிறேன்:
பின் சீற்றுக்குக் கீழே
நெல்லு முளைத்திருக்கிறது.
அது நீ.