நொடிக்கு ஒரு சொட்டு

பதினைந்து மீட்டர் மெல்லிய குழாய்.
ரயில் பட்டறையில் எறிய வைத்திருந்த
சாம்பல்நிற பிளாஸ்டிக் உருளை ஒன்றை
சாப்பாட்டுப் பையில் செருகிக் கொண்டுவந்தார் இவர்.
"இதற்குள்ளா?" என்று மட்டும் கேட்டார்.

கடல் இல்லாத நாட்டில்
முன்னூறு லிட்டர் கடல் வைத்திருக்கிறோம்,
ஓல்ட்டனில், நான்காம் மாடியில்.
வாடகை ஒப்பந்தத்தின் ஒன்பதாம் பிரிவு
நாய்களைப் பற்றிச் சொல்கிறது,
பியானோவைப் பற்றியும்.
கடலைப் பற்றி ஒன்றும் இல்லை.

மீன் தின்கிறது, கழிக்கிறது.
அந்தக் கழிவைக் கல்லில் ஒட்டி வாழ்கிறவை
நைட்ரேட்டாக்கி விட்டுவிடுகின்றன.
அதற்கப்பால் அதைத் தின்ன ஆளில்லை. சேர்கிறது.
சோதனைக் குப்பியில் மஞ்சளாய் இருக்க வேண்டியது
ரத்தச் சிவப்பு. எண்பது.
பவளம் தன் கைகளை உள்ளே இழுத்துக்கொண்டது,
கடன்காரனைக் கண்ட வீடு கதவைச் சாத்துவதுபோல்.

கடையில் விற்கும் கருவி அறுநூறு பிராங்க்.
ஆகவே ஞாயிறு முழுக்கக் குழாயைச் சுற்றினேன்.
சுற்றச் சுற்ற அது பாம்பாய் அவிழ்ந்தது.
முழங்காலால் அமுக்கி
மருத்துவமனை ஒட்டுநாடாவால் கட்டினேன்.
சொட்டை அடக்க ஒரு சேலைன் செட்,
காலாவதியானது, கேட்டு எடுத்ததுதான்.
இருபது சொட்டு ஒரு மில்லி.
இரவெல்லாம் ஹுன்சிக்கர் அறையில் எண்ணுகிறேன்,
காலையில் வந்து இங்கே எண்ணுகிறேன்.
அவருக்கு உள்ளே போகிறது.
இதற்கு வெளியே வருகிறது.

முதல் சில மீட்டர்களில் இருப்பவை
நீரிலுள்ள பிராணவாயுவைக் குடித்துத் தீர்த்துவிடும்.
அதற்குப் பிறகு இருட்டு, மூச்சுக்கு வழியில்லை.
அங்கேயும் சில குடியேறும்.
நைட்ரேட்டைக் கடித்து
அதற்குள் இருக்கும் மூச்சைப் பிய்த்து எடுக்கும்.
யாரும் அவற்றை அழைத்து வரவில்லை.
இடம் இருந்தது, வந்தன.

அவற்றுக்குத் தீனி வொட்கா.
நாளுக்கு அரை மில்லி.
மிக்ரோவில் மது விற்பதில்லை, கோப்புக்குப் போனேன்.
காசாளர் இடத்தில் தயாநிதி அக்கா.
போத்தலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தா.
"மீனுக்கு" என்றேன்.
"ஓம், ஓம்" என்றா,
மீதிச் சில்லறையைக் கையில் வைத்து
கையைச் சற்றுக் கூடுதலாகவே அழுத்திவிட்டு.

மூன்று வாரம் வாளிக்குள்தான் சொட்டியது.
ஒரு நஞ்சு இன்னொரு நஞ்சாய் மாறிக்கொண்டிருந்தது.
வாளியைக் கழிவறையில் ஊற்றினேன், ஊற்றினேன்.
ஐந்தாம் வாரம் அழுகிய முட்டை மணம்.
ஏபிஷர் அம்மா கதவைத் தட்டினா,
கையில் சலவை அறை அட்டவணை,
அதைத்தான் கேட்க வந்தவபோல்.
மூக்கு மட்டும் உண்மையைச் சொன்னது.
சொட்டு மெதுவானால் அவை பசியில்
கந்தகத்தைத் தின்னத் தொடங்கும்.
அதை ஜெர்மனில் விளக்க எனக்கு வார்த்தை போதவில்லை.
"விருந்தாளிகளுக்குச் சாப்பாடு குறைந்துவிட்டது" என்றேன்.
திருகை அரைச் சுற்றுத் திறந்தேன்.

ஏழாம் வாரம், இரவுப் பணி முடிந்து,
சப்பாத்துக் கழற்றாமலே குப்பியைக் குலுக்கினேன்.
மஞ்சள்.
வெளிச்சத்தில் பிடித்தேன். மஞ்சள்தான்.
குழாயின் வாயில் ஒரு குமிழி நின்று, யோசித்து, உடைந்தது.
நைட்ரஜன்.
நாமெல்லாம் இழுத்து, ஒன்றும் செய்யாமல்,
அப்படியே திருப்பி விடுகிற காற்று.
ஜன்னலுக்கு வெளியே ஆரே ஆற்றின் பனிமூட்டம்,
எதிர்வீடு இல்லை, பாலம் இல்லை.

ஒரு கணக்கு மட்டும் உதைக்கிறது.
ஐம்பது நாள், நாளுக்கு அரை மில்லி.
இருபத்தைந்துதான் குறைந்திருக்க வேண்டும்.
போத்தலில் நூற்றைம்பது இல்லை.
நான் சொட்டு எண்ணிப் பிழைப்பவள்.
இவரிடம் இன்னும் கேட்கவில்லை.
இவரோ இந்த நாட்களில்
தொட்டிக்கு முன்னால் கதிரை போட்டு
மீன்களோடு கொஞ்சம் கூடுதலாகக் கதைக்கிறார்.

நேற்றுப் பவளம்
ஒரு கையை வெளியே நீட்டியது.