முப்பது செக்கன்

டெக்லனுக்கு அவருடைய நாட்டில்
கூரையில்லாத கோட்டைகளைப் படமெடுப்பதுதான் தொழில்.
பாசி பிடித்த கல், மூடுபனி, ஒற்றைக் காகம்.
சில இடங்களில் பேய்க்குத் தனி டிக்கெட்டாம்.
உவர்மலையில் ஹோட்டலாகப் போகிற பழைய பங்களாவுக்கும்
ஒரு பேய் வேண்டுமென்று வந்திருந்தார்.
நான் சாமத்தியவீடும் கலியாணமும் எடுக்கிறவள்.
முக்காலி இருந்தது, அட்வான்ஸ் தந்தார், போனேன்.

முதலில் விசாரித்தோம்.
ஓட்டோக்காரர் சொன்னார்: வெள்ளைக்காரக் கப்பித்தான்,
பன்னிரண்டு மணிக்கு நெருப்புப்பெட்டி கேட்பான்,
குடுத்தால் விரல் பொசுங்கும்.
மீன் வெட்டுகிற புளோரன்சக்கா
செட்டையைச் சீவி எறிந்துவிட்டுச் சொன்னா:
கப்பித்தான் இல்லை, அவன்ர வீட்டு ஆயா.
கிணத்தடியில இன்னும் பிள்ளையின்ர சட்டை அலசுறாள்,
சவுக்காரம் மணக்கும்.
தபாற்கந்தோர்ப் பொடியனுக்குக் குதிரைச் சத்தம் மட்டும்.
தேத்தண்ணிக் கடை நஸ்ருதீன் நானா
சீனியைக் கலக்கியபடி,
"அந்த வூட்டுல ஒம்பது வருஷம் ஆமி இருந்திச்சு.
பேய் எப்பவோ எழும்பிப் போயிருக்கும்" என்றார்.
டெக்லன் அதை மட்டும் எழுதிக்கொள்ளவில்லை.

இரவு பத்தரை.
துறைமுகத்தில் ஏதோ கப்பலின் ஜெனரேற்றர் இரைந்தது.
தேக்கு நிலைகளை யாரோ கழற்றிப் போயிருந்தார்கள்.
சுவரில் சதுரம் சதுரமாய் வெளிறல்,
படங்கள் தொங்கிய இடங்கள்.
பின்வாசலால் கிணறு தெரிந்தது,
கயிறில்லை, கப்பியில்லை.
மண்டபத்து மூலையில் இரண்டு கண் பச்சையாய் எரிய
டெக்லன் என் தோளைப் பிடித்தார்.
மான்.
ஊருக்குள் திரிகிற மான்,
வாயில் யாரோ சாப்பிட்டு எறிந்த லஞ்ச் ஷீற்.

காவலுக்கு இருந்தவர் கனகசூரியம், சம்பூர் ஆள்.
நான் ஷட்டரைத் திறந்துவிட்டு எண்ணிக்கொண்டிருந்தேன்,
பதினொன்று, பன்னிரண்டு,
அவர் ரோச்சைத் தன் நெஞ்சுப்பக்கம் பிடித்தபடி
மண்டபத்தைக் குறுக்கே கடந்தார்.
நடுவில் ஒருதரம் நின்று இருமினார்.
"மன்னிச்சுக்கொள்ளுங்கோ தங்கச்சி, தெரியாமல் வந்திட்டன்."
முப்பது.

படத்தில் அவர் நடந்தது விழவில்லை.
நின்று இருமியது மட்டும் விழுந்திருந்தது:
பாதி வெள்ளையாய் ஒரு மார்பு, தாடை,
அதற்கூடாகச் சுவரின் வெடிப்பு.
கால் இல்லை.
டெக்லன் என்னைக் கட்டிப்பிடித்தார்.
நான் விளக்கப் போனேன்.
வேண்டாம், வேண்டாம் என்று கையைக் காட்டினார்.

நாலு மாதம் கழித்து
ஹோட்டல் துண்டுப்பிரசுரத்தை நாலாய் மடித்து
சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு
ஸ்டூடியோவுக்கு வந்தார் கனகசூரியம்.
"கப்பித்தான் எண்டு போட்டிருக்கு,
இருமல் என்ரதெல்லோ."
சாரத்தைக் கொஞ்சம் தூக்கிக்
குனிந்து தன் காலைப் பார்த்தார்,
பிறகு படத்தை.
அதில் ஒரு பெரிய கொப்பி வேணுமாம்,
கண்ணாடி போட்டு.
"ஆறாம் ஆண்டு ஓடேக்க பெட்டியை எடுக்கேல்ல.
கலியாணப் படமும் அதுக்குள்ளதான்.
இப்ப அடையாள அட்டையில இருக்கிற மூஞ்சை விட்டால்
என்னட்ட நான் இல்லை."

இருங்கோ, நல்லதாய் ஒன்று எடுக்கிறேன் என்றேன்.
நீலத் திரைக்கு முன் இருத்தி,
தலையைக் கொஞ்சம் சரிக்கச் சொல்லி எடுத்தேன்.
கண்ணை மூடிவிட்டார். திரும்பவும் மூடினார்.
மூன்றாவதில் சரி.
"இதை மகளுக்கு அனுப்புவம்.
வாசல்ல மாட்டுறது மற்றதைத்தான்.
கள்ளன் வரமாட்டான்."
சிரிக்கத் தொடங்கி இருமலில் முடித்தார்.

இரவு அச்சுக்குப் பெரிதாக்கினேன்.
இருமல், தாடை, வெடிப்பு,
வலது ஓரத்தில் பின்வாசல், கிணறு.
கிணற்றைச் சுற்றிச் சீமெந்து ஈரமாயிருந்தது.
அது ஆவணி. மழை பெய்து இரண்டு மாதம்.
மான் வந்திருக்கும் என்று நினைத்தேன்,
கயிறில்லாத கிணற்றில்
மான் எப்படி.

அந்த ஓரத்தை வெட்டிவிட்டு
அச்சுக்குக் கொடுத்தேன்.