நூற்றுப் பன்னிரண்டு பாயின்ட்

பூச்சுக்கு முன்னால்தான் என்னைக் கூப்பிடுவார்கள்.
சுளை எடுத்த சக்கை மாதிரி
வீடு அப்போது வெறும் குழியும் முள்ளுமாய் நிற்கும்.
நீலப் பென்சிலோடு முறி முறியாகப் போய்க் கேட்பேன்:
கட்டில் எந்தப் பக்கம், தலை எங்கே,
கடைசியாக விளக்கை அணைப்பது யார்.
கல்யாணத் தரகர்கூட இவ்வளவு கேட்பதில்லை.

களியலில், ரப்பர் விளைக்கு நடுவே
மூவாயிரத்து நானூறு சதுர அடி.
கிளாட்சன் அண்ணன் பிளானை ஜீப் மூக்கில் விரித்து
நான்கு மூலைக்கும் ஒட்டுப்பால் உருண்டை வைத்தார்.

போர்ட்டிகோ. இரண்டு கார் நிற்கலாம்.
சிட்-அவுட்டில் தூணுக்கு ஒரு விளக்கு.
"விடியுமுன்ன வெட்டுக்காரன் வருவான்,
அவன் மொகம் எனக்குத் தெரியணும்."
அவனோ நெற்றியில் விளக்கு கட்டிக்கொண்டு வருகிறவன்.

ஹாலில் பதினெட்டு அடி உயரத்தில்
சரவிளக்குக்கு ஒரு கொக்கி.
பல்பு போனால் யார் ஏறுவது?
நான்தான். வேறு யார்.

ஜெபம் பண்ணும் மூலைக்கு மஞ்சள் வெளிச்சம் என்றாள் பியூலா அக்கா.
வெள்ளை என்றார் அண்ணன்.
இரண்டு விளக்கு, இரண்டு சுவிட்ச்.
யார் முதலில் முழங்கால் போடுகிறார்களோ அவர்கள் பாடு.

சாப்பாட்டு அறை, பன்னிரண்டு பேருக்கு.
கை கழுவுகிற இடத்தில்
கண்ணாடிக்கு மேலே ஒன்று, கீழே ஒன்று.

மாடியில் மகன் முறி.
"ஏசி, கம்ப்யூட்டர், அவனுக்க கிட்டார்ப் பெட்டி,
பதினாலு போடு."
ஸ்பீக்கரில் கனடாவிலிருந்து ஜெஃப்ரின்:
"அண்ணா, ஒண்ணு போதும்."
கொஞ்ச நேரம் ரப்பர் இலை விழுகிற சத்தம் மட்டும்.
நான் ஏழு குறித்தேன்.

பெரிய படுக்கையறைக்குக் கட்டிலின் இருபுறமும் சுவிட்ச்;
எவர் போட்டாலும் எரியும், எவர் அணைத்தாலும் அணையும்.
அண்ணன் புகைப்புரைக்குப் போன நேரம் பார்த்து
அக்கா வந்து நின்றாள்.
"தெக்கு முறியிலயும் கட்டில் பக்கம் ஒண்ணு போடு தம்பி.
அவருக்குக் கொறட்டை."
கொறட்டைதானா என்று கேட்கிற வேலை என்னுடையதல்ல.
பைப்பை வளைத்து, சுவருக்குள் பதித்து, மேலே சாந்து பூசினேன்.

அடுக்களை. அதற்குப் பின்னால் ஒர்க் ஏரியா.
பிளானில் பெயர் மட்டும், அளவுகூட எழுதவில்லை.
விறகடுப்பு, மீன் கழுவ ஒரு தொட்டி.
"ஒரு பல்பு, ஒரு பிளக். அங்க யாரு இருக்கப் போறா."

மொத்தம் நூற்றுப் பன்னிரண்டு.
கடைசியாகப் பின்புறம் குழி வெட்டி
சிரட்டைக் கரியும் கல்லுப்பும் நிறைத்து எர்த் இறக்கினேன்.
ஐப்பசி இடி இந்த மலையில்
யார் வீடு பெரிசென்று பார்த்து இறங்குவதில்லை.

பால்காய்ப்பு முடிந்து மூன்றாம் மாதம்,
ராத்திரி எட்டரைக்கு போன்.
"தம்பி, பிரேக்கர் நிக்கவே மாட்டேங்குது."

மழையில் போனேன். சிட்-அவுட் இருட்டு.
டார்ச் அடித்தபடி ஹாலைக் கடந்தேன்,
கிரானைட் உள்ளங்காலில் ஆற்றுக் கல்லாகச் சில்லிட்டது.
சோபா இன்னும் பிளாஸ்டிக் உறைக்குள்.
சரவிளக்கும்தான்.

எல்லாரும் ஒர்க் ஏரியாவில் இருந்தார்கள்.
அண்ணன் விறகுப் பெட்டி மேல்.
அக்கா அடுப்பு வெளிச்சத்தில் மரச்சீனி உரித்தபடி.
அனிலா லேப்டாப்போடு, காலடியில் நாய்.
உப்புப் பரணியில் சாய்த்து வைத்த போனில்
காலை வெயில் அடிக்க, பல் தேய்த்துக்கொண்டு ஜெஃப்ரின்.
அந்த ஒற்றை பிளக்கில் ஒரு எக்ஸ்டென்ஷன் பெட்டி,
அதில் இன்னொன்று:
டிவி, ஃபேன், இண்டக்‌ஷன், நான்கு சார்ஜர்.
பிளக் உருகிக் கருத்து
தீய்ந்த கருவாட்டு மணம் அடித்தது.

"லோடு தாங்காது. தனி லைன் இழுக்கணும்.
நாளைக்கு..." என்று தொடங்குமுன்
அக்கா எனக்கும் ஒரு பிளேட் எடுத்துவிட்டாள்.

கட்டர் ஓட கரண்ட் இல்லை. உளிதான்.
முதல் அடியிலேயே அண்ணன்
"அய்யோ, பெயின்டு" என்று எழுந்தார்.
"மேல எனக்குப் போட்டத இங்க மாத்துங்கண்ணா"
என்றது உப்புப் பரணி.
"பொடி கிழங்குல விழுது," என்றாள் அக்கா,
"அந்தப் பக்கமா நின்னு வெட்டு."