இறுகும்வரை நான்கு பக்கம்

அச்சில் ஊற்றிய வெண்சாந்து இறுகப்
பதினோரு நிமிடம் ஆகும்.
அதற்குள் நான்கு பக்கம்;
உரையாடல் மிகுந்த அத்தியாயம் என்றால் ஆறு.
நான் படித்த நாவல்களிலெல்லாம்
வெள்ளையாய் ஒரு கட்டைவிரல் ரேகை இருக்கும்.
நூலகத்து மிலேனா தட்டிப் பார்த்துவிட்டு,
"மாவு மில்லிலா படிக்கிறாய், நீவெஸ்?" என்பாள்.
இல்லை, பல் செய்கிற இடத்தில்.
இருபத்தாறு வருடமாக
திரியெஸ்தேக் கிழவர்களின் வாய்கள்
என் மேசைமேல் திறந்தபடி கிடக்கின்றன,
ஒன்றும் பேசாமல்.
பேச்சுக்கு நாவல்கள்.

ஆனாலும் எனக்கொரு குறை.
அறுநூறு பக்கம், நான்கு தலைமுறை, இரண்டு போர்,
ஒருவருக்கும் பல்வலி இல்லை.
எழுபத்தொன்பது வயதில் அந்தச் சீமாட்டி
பச்சை ஆப்பிளை நறுக்கென்று கடிக்கிறாள்.
எந்தப் பல்லால், அம்மணி?
பின்னட்டையில் காவியம் என்று போட்டிருந்தது.
ஓரத்தில் பென்சிலால்
ஒரு கடைவாய்ப்பல் வரைந்து
திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

இன்னொன்று, மெலிந்த புத்தகம்.
உப்பளத்தில் கணக்கெழுதும் ஒருவன்
காலையில் எழுகிறான், ரொட்டியைப் பாலில் தோய்க்கிறான்,
இடப்பக்கமாகவே மெல்கிறான்.
ஏன் என்று எழுதியவர் சொல்லவில்லை.
எனக்குத் தெரிந்துவிட்டது!
ஆறாம் எண் பேருந்தில் எழுந்து நின்று
யாரிடமாவது சொல்ல வேண்டும்போல் இருந்தது.
இறங்கவேண்டிய நிறுத்தம் போய், பார்கோலாவும் போய்,
கடைசி நிறுத்தத்தில் ஓட்டுநர் விளக்கை அணைத்தார்.
நல்ல நாவல் என்றால் எனக்கு அழுகை வராது.
பசிக்கும்.
அன்று கடலோரக் கடையில் நின்றபடியே
இரண்டு தட்டு பொரித்த நெத்திலி தின்றேன்,
இரண்டு பக்கமும் மென்று.

பிறகு அந்த விதவை.
இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில்
மாடிப்படியின் அடியில் நிற்கிறாள், கை தாழ்ப்பாளில்.
வெளியே மழை, மழையில் அவன்.
அவன் நல்லவன் இல்லை.
எனக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும்.
மூடிவிட்டேன்.
அது நவம்பர்.
போரா காற்று மலையிலிருந்து இறங்கி
ஸ்கூட்டர்களை வரிசையாய்ச் சாய்த்துப் போட்ட
ஜனவரி முழுக்க
அவள் அங்கேயே நின்றாள், சால்வைகூட இல்லாமல்.
மிலேனா மூன்று முறை அபராதம் போட்டாள்.
கட்டினேன்.
ஒரு பெண்ணைக் காப்பாற்ற
நான்கு யூரோ இருபது சென்ட் அதிகமில்லை.

எட்சியோவுக்கு என்மேல் வேறொரு சந்தேகம்.
கீழ் இழுப்பறையில் ஒரு முழு செட் கிடக்கிறது.
சீட்டு இல்லை, மருத்துவர் பெயர் இல்லை.
"யாருடையது?"
"இன்னும் வராதவருடையது."
பொய் இல்லை.
ஒன்பதாம் அத்தியாயத்தில் படகு கவிழ்ந்து சாகும்
சமையல்காரருடையது.
மூன்றே மூன்று இடத்தில் வருகிறார்.
'வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்' என்று
அவருக்காக ஒரு வரி.
அந்த வரியைத் தாண்ட எனக்கு ஒரு வாரம்.
மிஞ்சிய மெழுகில் தொடங்கினேன்.
அளவெல்லாம் ஊகம்தான்: அகன்ற தாடை,
சுருட்டுப் பழக்கம் இருந்திருக்கும்.
முன்பற்களில் கொஞ்சம் மஞ்சள் கலந்தேன்.
முத்துப்போல் வைத்தால்
பொத்திய கையை எடுக்கவே மாட்டார்.

மார்ச்சில், காற்று நின்ற ஒரு செவ்வாய்க்கிழமை,
சாந்தை ஊற்றிவிட்டு
விதவையைத் திறந்தேன்.
இருநூற்றுப் பதின்மூன்று.
தாழ்ப்பாளை நீக்கினாள்.
அவன் கையில் ஒரு குடையைக் கொடுத்தாள்.
கதவைச் சாத்தினாள்.

அவ்வளவுதான்.
குளிர்காலம் முழுக்க
அவளை நான் நம்பவே இல்லை.

சாந்து சூடேறி, இறுகி, ஆறியும்விட்டது.
மேல்தாடை ஒன்று இன்றைக்கே வேண்டுமாம்,
எட்சியோ கூப்பிடுகிறார்.
கூப்பிடட்டும்.
அவன் அந்தக் குடையை விரித்தானா இல்லையா என்று
பார்க்க வேண்டும்.