பராமரிப்பு நாள்

பேப்பரின் ஐந்தாம் பக்கத்தில் சின்னக் கட்டம்:
கொண்டலாம்பட்டி துணைமின் நிலையம்,
மாதாந்திரப் பராமரிப்பு,
காலை ஒன்பது முதல் மாலை ஐந்து வரை.
புரோக்கர் சித்தேஸ்வரன் அதைக் கத்தரித்து
ஜாதகம் மாதிரி சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.
"அன்னிக்குத்தான் ஆளைக் கூட்டிட்டு வாரேன்.
அங்கமுத்து தறி ஓடாது."

எங்களுக்கு ஆறு நாள் இருந்தது.

பொருள் குறைந்தால் அறை பெருசாகுமாம்.
கட்டிலுக்கடியில் கிடந்ததையெல்லாம்
மூன்று சாக்கில் கட்டி
மொபெட்டில் வைத்து, இருட்டினபிறகு,
தங்கச்சி வீட்டு மாடிக்குக் கடத்தினார் மாதேசன்.
சீட்டு நடத்தியவன் ஓடிப்போனது
இன்னும் தெருவுக்குத் தெரியாது.

கல்யாணப் போட்டோ இறங்கியது.
வருகிறவர்கள் அந்தச் சுவரில்
தங்கள் முகத்தைப் பார்க்கணுமாம்.
ஆணி மட்டும் வரமாட்டேன் என்றது.
அதில் ஒரு கீசெயின் மாட்டினேன், சாவி இல்லாமல்.

ஓதம் ஏறிய மூலைக்கு இரண்டு கோட்டு டிஸ்டெம்பர்,
அதற்கு முன்னால் பீரோ.
அடுப்பில் ஏலக்காய் தட்டிப்போட்ட பால்,
பொங்கவும் கூடாது, ஆறவும் கூடாது.
டீப்பாயில் வெள்ளைப் பூச்சாடி, பிளாஸ்டிக் பூ,
ஒரு நாள் வாடகை நாற்பது ரூபாய்.

கடைசியாக ஜன்னல் வலை.
ஈரத்துணியால், பழைய டூத்பிரஷால்,
அப்புறம் ஊக்கால்
பஞ்சு எடுத்துக்கொண்டே இருந்தேன்.
அங்கமுத்து நெய்த துண்டெல்லாம்
எங்கெங்கோ போய்விட்டது.
மிச்சம் இங்கே, எங்கள் வலையில்,
தானே ஒன்று நெய்துகொண்டிருந்தது.

வந்தவள் பெயர் கோமளவல்லி.
அவள் வீட்டுக்காரருக்கு மொட்டைமாடியிலிருந்து
ஜருகுமலையைக் காட்டினார் மாதேசன்,
அதையும் சேர்த்து விற்பவர்போல.
அவர் தண்ணீர் டேங்கைத் தட்டிப் பார்த்தார்.
"கார்ப்பரேஷன் தண்ணி எத்தனை நாளைக்கு ஒருக்கா?"

வீடு அப்படி ஊமையாக இருந்து நானே பார்த்ததில்லை.
பாத்ரூம் குழாய் சொட்டுவது கேட்டது.
பதினெட்டு வருஷமாகச் சொட்டியிருக்கும்போல.
படியிறங்கி வந்து நின்ற மாதேசனின் மூச்சில்
ஒரு மெல்லிய விசில் இருந்தது.
அதையும் அன்றைக்குத்தான் கேட்டேன்.

கோமளவல்லி வலையில் விரல் வைத்தாள்.
மூலையைச் சுரண்டினாள்.
நீலப்பஞ்சு, ஒரு கடுகளவு.
என்னைப் பார்க்காமல் கேட்டாள்,
"எத்தனை தறி?"

சித்தேஸ்வரன் இருமினார்.

"பன்னெண்டு" என்றேன்.

"எங்க வீட்டுக்குள்ளயே ஆறு" என்றாள்,
விரலைப் புடவையில் துடைத்துக்கொண்டு.

ஐந்து மணி என்ற கரண்டு
மூன்றேகாலுக்கே வந்துவிட்டது.
அவர்கள் சீக்கிரம் முடித்த ஒரே வேலை
அதுவாகத்தான் இருக்கும்.
முதலில் ஒரு தறி. தயங்கி இன்னொன்று.
பிறகு பன்னிரண்டும்.

பாலில் ஏடு சுருங்கியது.
பூச்சாடி நடக்கத் தொடங்கியது,
டீப்பாயின் நடுவிலிருந்து ஓரத்துக்கு,
புதுப்பெண் மாதிரி அடியடியாக.

பேச்சை நிறுத்தவில்லை அவள்.
குரலை மட்டும் இரண்டு படி ஏற்றி
விளிம்பில் அதைப் பிடித்து
கைக்குட்டையை நாலாக மடித்து
அடியில் வைத்தாள்.
அதே படியில் என் குரலும் ஏறி நின்றிருந்தது.
ஆண்கள் மூன்று பேரும்
ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

வாசலில் செருப்பு மாட்டியபடி கத்திச் சொன்னாள்:
"தறிக்குன்னு ஒண்ணும் கழிக்க வேணாம்.
பீரோவுக்குப் பின்னாடி இருக்கறதுக்கு
ஒன்றரை லட்சம் கழிச்சிக்கங்க."

சித்தேஸ்வரன் பையிலிருந்த கட்டத்தை எடுத்து
கசக்கவும் மனசில்லாமல்
திரும்ப உள்ளேயே வைத்தார்.

பாலை நாங்களே குடித்தோம்.
பூச்சாடியைக் காலையில் திருப்பித் தரணும்,
கைக்குட்டையை யாரிடம் தருவது?

ராத்திரி ஷிப்ட் ஓடிக்கொண்டிருந்தது.
மாதேசன் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தார்.
அவர் முதுகில் காதை வைத்தேன்.
தறிக்கு அடியில்,
தறிக்கும் அடியில்,
விசில் இருந்தது.